கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கும் நாளில் டப்பா என்ன ஆகிறது?

மும்பை மாட்டுங்காவில் சமையற்கூடம் வைத்து, லோயர் பரேல், வொர்லி பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்க்கும் 60 பேருக்கு மாதச் சந்தாவில் டப்பாவில், அதாவது சாப்பாட்டுத் தூக்கில், மதிய உணவு அனுப்பிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புகிறீர்கள், சந்தாவைப் புதுப்பிப்பவர்களுக்கு 5 சதவீதம் குறைத்துக்கொள்கிறீர்கள், மாதக் கடைசியில் கருத்துப் படிவமும் கொடுக்கிறீர்கள். இருந்தும் மாதந்தோறும் எட்டுப் பேராவது காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். "எனக்கு அவர்கள்மீது உண்மையான அக்கறை இருக்கிறது, அதை எப்படிக் காட்டுவது?" என்பது உங்கள் கேள்வி. அதைப் பலமுறை படித்துப் பார்த்ததில், காட்டும் வழியைவிட வேறொன்றை நீங்கள் கேட்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் மனத்தில் இருக்கும் அக்கறை வொர்லியில் டப்பாவைத் திறப்பவரிடம் போய்ச் சேராமல் நடுவழியில் எங்கே நின்றுவிடுகிறது என்பதே அது. அந்தக் கேள்விக்கே பதில் எழுத முயல்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் மும்பைக் கிளையில், விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவில் 19 ஆண்டுகள் பணியாற்றினேன். அதன்பின் செம்பூர், சயான், தாராவி பகுதிகளில் உள்ள சிறு வணிகர்களுக்கு வாடிக்கையாளர் சேவை குறித்துப் பயிற்சி அளித்துவருகிறேன். உணவுத் தொழிலை நான் நடத்தியதில்லை. ஆகவே உங்கள் சாம்பாரின் ருசி, மளிகைச் செலவு, உங்கள் விலை சரியா என்பவை பற்றி நான் சொல்வதற்கு மதிப்பில்லை. அவற்றில் குறை இருந்தால் கீழே சொல்லும் எதுவும் அதை ஈடு செய்யாது.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. முதலாளியின் மனத்தை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை. தம் முன்னால் வந்து நிற்கும் ஊழியருக்கு என்ன செய்ய அனுமதி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2005 ஜூலை 26. அன்று சாந்தாகுரூஸ் வானிலை மையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. குர்லா, கலீனா, செம்பூரின் தாழ்வான பகுதிகள் எங்கும் தரைத்தளத்து வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிகளும் சலவை இயந்திரங்களும் நீரில் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் புகுந்த பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று எங்கள் அட்டையில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. முதல் வாரம் எங்கள் மெக்கானிக்குகள் அதன்படியே நடந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, ஜாப் கார்டில், அதாவது வேலைக் குறிப்பு அட்டையில், "உத்தரவாதத்தில் அடங்காது" என்று எழுதி, பார்வைக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாவது வாரத் தொடக்கத்தில், குர்லாவில் ஒரு சாலுக்கு (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள குடியிருப்புக்கு) போன மெக்கானிக் ஒருவர், பாய் தலையணை முதற்கொண்டு எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் கட்டணம் கேட்க மனம் வராமல், தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து அலுவலகத்தில் கட்டிவிட்டார். கணக்குப் பார்க்கும்போது இது கிளை மேலாளருக்குத் தெரியவந்தது. அவர் அந்த மெக்கானிக்கைக் கண்டிக்கவில்லை. "நல்லது செய்ய நினைத்தவன் தன் கைக்காசைப் போட வேண்டிய நிலையில் நாம் ஏன் அவனை வைத்திருக்கிறோம்?" என்று எங்களைத்தான் கேட்டார். அன்று மாலையே, வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் பார்வைக் கட்டணமும் கூலியும் கிடையாது, உதிரிபாகத்துக்கு அடக்க விலை மட்டும், எந்த வீட்டுக்கு இது பொருந்தும் என்பதை நேரில் போகிறவரே அலுவலகத்தைக் கேட்காமல் முடிவு செய்யலாம் என்று மூன்று வரியில் ஓர் ஆணை போட்டார். கூடவே, வரிசையில் காத்திருந்த எல்லா வீடுகளுக்கும் தொலைபேசியில் அழைத்து, "நாங்கள் வரும்வரை இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் மோட்டார் எரிந்துபோகும், உங்களுக்கும் ஆபத்து" என்று சொல்லவைத்தார். பல மாதங்களுக்குப் பின்னும் மக்கள் நினைவுவைத்துச் சொன்னது அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான். தள்ளுபடியைக் குறிப்பிட்டவர்கள் மிகக் குறைவு. முதல் வாரத்தில் கட்டணம் வாங்கிய வீடுகளின் பட்டியல் என் மேசையில்தான் இருந்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் தொழிலில் அந்த மெக்கானிக்கின் இடத்தில் இருப்பவர்கள், டப்பாவைக் கொண்டுபோகும் உங்கள் இரண்டு பையன்கள். மூடி சரியாகப் போடாமல் ரசம் பை முழுக்கக் கொட்டியிருந்தால் அந்தப் பையன் என்ன செய்யலாம்? "அண்ணனிடம் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை என்றால், நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பது அந்த இடத்தில் பயன்படாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சந்தா 3,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 பேருக்கு 2,16,000 ரூபாய். தவறு நேர்ந்த இடத்தில் அப்போதே 150 ரூபாய் வரை செலவழித்துச் சரிசெய்யலாம், அருகில் உள்ள உடுப்பி ஹோட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம் அல்லது அன்றைய தொகையைக் கழித்து எழுதலாம் என்று இருவருக்கும் அனுமதி கொடுங்கள். மாதம் பத்து முறை அப்படி நேர்ந்தாலும் 1,500 ரூபாய். உங்கள் வரவில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நீங்கள் இப்போது கொடுக்கும் 5 சதவீதத் தள்ளுபடி, எல்லாரும் புதுப்பித்தால் 10,800 ரூபாய் ஆகிறது. தள்ளுபடியைப் பெறுகிறவர் அதை விலையின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்கிறார். இரண்டாம் மாதம் அது அவர் கண்ணில் படுவதில்லை. ரசம் கொட்டிய நாளில் கையில் வந்த மாற்றுச் சாப்பாடு கண்ணில் படும். பையன்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்று நீங்கள் அஞ்சலாம். என் அனுபவத்தில், அனுமதி கொடுத்த முதல் மாதத்தில் ஊழியர்கள் அதைப் பயன்படுத்தவே தயங்கினார்கள், "ஏன் பயன்படுத்தவில்லை?" என்று நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது.

இந்த ஊரில் இதற்குப் பெரிய சான்று நம் கண்முன்னேயே இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாக்கள் 1890 முதல் இங்கே நடத்திவரும் தொழிலை அவர்களுடைய துல்லியத்துக்காகவே எல்லாரும் புகழ்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, அவர்கள் கூலியாட்கள் இல்லை. சிறு சிறு குழுக்களாக, வரவைப் பங்கிட்டுக்கொள்ளும் பங்காளிகள். வாடிக்கையாளரோடு பேசி முடிவெடுப்பவரும், அந்த வீட்டுப் படியேறுபவரும் ஒரே ஆள். இரண்டு, ஒவ்வொரு குழுவும் ஓரிருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ரயில் தாமதமானாலும் இடைவெளியை நிரப்ப ஆள் இருக்கிறது. சும்மா ஓர் ஆள் எதற்கு என்று கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு அது வீண்செலவாகத் தெரியும். உங்களிடம் இரண்டே பையன்கள் இருக்கிறார்கள், இருவருக்கும் முழுச் சுமை இருக்கிறது என்றால், ஒருவன் வராத நாளில் 30 பேர் தாமதமாகச் சாப்பிடுவார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள் என்றுதான் பொருள். முழுநேர ஆள் வைக்க இப்போது முடியாவிட்டால், பக்கத்துக் கட்டடத்தில் நாள் கூலிக்கு வரக்கூடிய ஒருவருக்கு வழியையாவது காட்டி வையுங்கள்.

அடுத்தது, முந்திச் சொல்வது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா போன்ற தாழ்வான இடங்களில் எப்போது தண்ணீர் நிற்கும் என்பது மாட்டுங்காக்காரரான உங்களுக்குத் தெரியாததா? மழைக்காக இந்த ஊர்க்காரர்கள் யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களே நனைந்துதான் அலுவலகம் போயிருப்பார்கள். பசியோடு ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்து, தாமே தொலைபேசியில் அழைத்து, "வந்துகொண்டே இருக்கிறது சார்" என்ற பதிலைக் கேட்கும்போதுதான் மனம் கசக்கிறது. காலை 11 மணிக்கே நிலைமை தெரிந்துவிடும். அந்த நேரத்தில், "இன்று டப்பா இரண்டு மணிக்குமுன் வராது, காத்திருக்க இயலாதவர்கள் வெளியே சாப்பிட்டுவிடுங்கள், இன்றைய தொகையைக் கழித்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டால், அவர் தம் பகல் பொழுதைத் தாமே திட்டமிட்டுக்கொள்ள முடிகிறது. கழிப்பதை அவர் கேட்கும்முன் கழியுங்கள். மாதக் கணக்கில் அந்தத் தேதிக்கு எதிரே அது தனி வரியாகத் தெரியட்டும். கேட்டபின் கொடுத்தால் அவர் பேரம் பேசிப் பெற்றதாகிவிடும். நான் சொன்னவற்றுள் ஒன்றை மட்டுமே உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் இங்கே உறுதியானதும் சந்தேகத்துக்குரியதும் கலந்து கிடக்கின்றன. குறை சொல்லும் வாடிக்கையாளர் மூன்று வகையில் நியாயத்தை எடைபோடுகிறார் என்பது 1990களின் இறுதியிலிருந்து பல ஆய்வுகளில் வலுவாக நிற்கிறது: கையில் என்ன கிடைத்தது, அது எவ்வளவு சுலபமாகவும் விரைவாகவும் கிடைத்தது, தம்மை எப்படி நடத்தினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தால் முதலாவது மட்டுமே நிறைவேறுகிறது. இனிமையாகப் பேசிவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் மூன்றாவது மட்டும் நிறைவேறுகிறது. இன்னொரு கருத்தை மேலாண்மைப் பயிற்சிகளில் அடிக்கடி கேட்பீர்கள்: தவறு செய்து அதை அருமையாகச் சரிசெய்தால், தவறே நேராத வாடிக்கையாளரைவிட அவர் அதிக விசுவாசமாகிவிடுவார் என்பது. நானும் பல ஆண்டுகள் இதையே வகுப்பில் சொல்லிவந்தேன். 2007-இல் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, மனநிறைவு கூடுவது உண்மைதான் என்றும், மீண்டும் வாங்கும் எண்ணமோ பிறரிடம் சொல்வதோ அப்படிக் கூடுவதாகக் காட்ட முடியவில்லை என்றும் தெரியவந்தது. ஆகவே தவறைச் சரிசெய்வது இழப்பைத் தடுக்கும் என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு புது அன்பு வளர்த்துவிடலாம் என்று நம்பி, டப்பா தாமதமாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும் ஓர் ஆய்வும் உண்டு. 2017-இல் ரயன் பியூல் உள்ளிட்ட மூவர் வெளியிட்டது. உணவுக்கூடம் ஒன்றில் சமையற்காரர்களும் சாப்பிட வருபவர்களும் ஒருவரை ஒருவர் திரையில் பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். உணவின் தரம் பற்றிச் சாப்பிட்டவர்கள் கொடுத்த மதிப்பீடு 22.2 சதவீதம் உயர்ந்தது. உணவு தயாராகும் நேரமும் 19.2 சதவீதம் குறைந்தது. வேறு சூழலில் நடந்த சோதனை என்பதால் இந்த எண்களை மாட்டுங்காவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் யாருக்காகச் சமைக்கிறோம் என்று தெரிந்து சமைப்பவரின் கை வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதை வீட்டில் சமைக்கும் எவரும் அறிவார்கள். உங்கள் சமையற்கூடத்தில் இலக்கம் எழுதிய 60 டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். மூடியின் உட்புறம் பெயரை எழுதிவைத்து, வாடிக்கையாளர் நல்லதாகவோ குறையாகவோ சொன்ன ஒரு வார்த்தையை அன்று மாலையே சமைத்தவரிடம் அதே வார்த்தையில் கொண்டுபோய்ச் சேருங்கள். குறையை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கருத்துப் படிவத்தைப் பற்றி எனக்குக் கடுமையான எண்ணம் உண்டு. எங்கள் நிறுவனத்தில் மெக்கானிக்கின் ஊக்கத்தொகையை வாடிக்கையாளர் கொடுக்கும் மதிப்பெண்ணோடு இணைத்தார்கள். மூன்று மாதத்தில் மதிப்பெண் பிரமாதமாக உயர்ந்தது. அதே சமயத்தில் அதே வீட்டிலிருந்து அதே பழுதுக்காக இரண்டாம் முறை வரும் புகார்களும் உயர்ந்தன. விசாரித்ததில், "பத்துக்குப் பத்து போடுங்கள் அம்மா, இல்லாவிட்டால் சம்பளம் பிடித்துவிடுவார்கள்" என்று மெக்கானிக்குகள் கெஞ்சியிருக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்ற விதியினால், போகாத வீட்டுக்கும் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. அப்படி நடந்துகொள்ளும்படி அவர்களை நெருக்கிய ஏற்பாட்டில் எனக்கும் பங்கு இருந்தது. படிவத்தை நிறுத்திவிட்டு, திரும்பி வரும் டப்பாவைத் திறந்து பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் பொரியல் மீந்து வந்தால், பத்துக் கேள்விகளுக்கான விடை அதிலேயே இருக்கிறது. நான்காம் நாள் நீங்களே கூப்பிட்டு, "கோஸ் உங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வேறு ஏதாவது வைக்கட்டுமா?" என்று கேட்டால், அவர் வியந்துபோவார்.

சட்டம் கேட்பதைச் செய்வதை அக்கறை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது, அது தரைமட்டம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைக் குறித்த காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகமாகும். இணையத்தில் விற்பவர்களாயின் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சந்தாவிலிருந்து விலகும் வழியைச் சிக்கலாக்கி வைப்பதையும் 2023 நவம்பரில் வெளியான அரசு வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. உங்களிடமிருந்து விலக விரும்புபவர் ஒரே செய்தியில் விலகிவிட முடிகிறதா, மீதித் தொகை எத்தனை நாளில் போகிறது என்று பாருங்கள். நிம்மதியாக விலக முடிந்தவர்கள் திரும்பி வந்ததை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

அதே சட்டம், வாடிக்கையாளர் நம்பிச் சொன்ன தனிப்பட்ட விவரத்தைப் பிறருக்கு வெளிப்படுத்துவதையும் முறையற்றது என்கிறது. பிறந்தநாள் வாழ்த்தைப் பற்றி நான் தயங்குவது இதனால்தான். அதில் தீங்கு இல்லை. ஆனால் வங்கி, காப்பீடு, நகைக்கடை என எல்லாரும் அன்று காலை அனுப்பும் வாழ்த்துகளோடு அதுவும் போய்ச் சேர்கிறது. உணவு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது பிறந்த தேதியைவிட, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்புக் குறைவு, யார் வியாழக்கிழமை விரதம் என்பவைதான். அதையும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சமையற்கூடத்தில், நல்லெண்ணத்தோடுதான், டப்பாவின் மேல் "சர்க்கரை" என்று பெரிதாக எழுதி அனுப்பினார்கள். 28 வயதான அந்த இளைஞர் தம் நோயை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுநாளே சந்தாவை நிறுத்திவிட்டார். டப்பாவாலாக்கள் செய்வதுபோல் ஒரு வண்ணப் புள்ளி வைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன். அந்த இரண்டு பையன்களுக்கும் நல்ல மழைக்கோட்டு இருக்கிறதா? அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள்? விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் எழுதியது முதல், சிரிக்கச் சொல்லி ஆணையிடுவது ஊழியரை உள்ளுக்குள் எப்படித் தேய்க்கிறது என்பது விரிவாகப் பேசப்பட்டுவருகிறது. 30 பேருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நான்கு மணிக்கு வடாபாவ் தின்னும் பையனிடம், வாடிக்கையாளரிடம் அன்பாகப் பேசு என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. வாடிக்கையாளர்கள் இதைக் கவனிப்பார்களா என்றால், சிலர் கவனிப்பார்கள், பலர் கவனிக்க மாட்டார்கள். அதற்காக அல்லாமலும் செய்ய வேண்டியதுதான்.

நின்றுபோகும் எட்டுப் பேரில் எல்லாரையும் தக்கவைக்க யாராலும் முடியாது. 11 மாத வாடகை ஒப்பந்தம் முடிந்து தாணேவுக்கோ நவி மும்பைக்கோ குடிபோகிறவர், கல்யாணமாகி வீட்டில் சமைக்கத் தொடங்கியவர், புனேக்கு மாற்றலானவர் என்று சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களையும் உங்கள் தோல்விக் கணக்கில் எழுதிக்கொண்டு மனம் வருந்த வேண்டாம். மீதிப் பேரைக் கண்டுபிடிக்க, கடந்த மூன்று மாதங்களில் நின்றவர்களின் எண்களை எடுத்து, இரவு எட்டரை மணிக்குமேல், நீங்களே கூப்பிடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதவர்களிடம் நான் இப்படிப் பேசிப் பார்த்திருக்கிறேன். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டபோது எல்லாரும் மரியாதைக்கு ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள். "எந்த நாளில் நிறுத்த முடிவு செய்தீர்கள், நினைவிருக்கிறதா?" என்று கேட்டபோது, ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட மத்தியானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அந்த அழைப்பில் தள்ளுபடியைப் பற்றியோ மீண்டும் சேர்வதைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவர் சொல்லும் தேதியை எழுதிக்கொண்டு, அன்று உங்கள் கணக்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது, அன்று எந்தப் பையன் போனான், அவனிடம் நீங்கள் அன்று என்ன பேசினீர்கள் என்று திருப்பிப் பாருங்கள்.